மலைக்குப் போகும் ஷூ

மலையேற்றத்துக்கு ஷூ வாங்கணுமா? சாயங்காலமா கடைக்குப் போங்க. பகல் முழுக்க நடந்த கால் லேசா வீங்கியிருக்கும்; மலையிலயும் அப்படித்தான் வீங்கும். அங்கே போடப்போற தடிச்ச சாக்ஸையே போட்டு அளவு பாருங்க. விரலுக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். ஏறும்போது இதோட அருமை தெரியாது. இறங்கும்போதுதான் நகம் முட்டி முட்டிக் கறுத்துப்போகும்.

தள்ளுபடியில பழைய சரக்கு கிடைக்கும். அங்கேதான் கவனம் வேணும். பல ஷூக்களோட அடியில பாலியூரிதேன்னு ஒரு மெத்தைப் பொருள் இருக்கு. காத்துல இருக்கிற ஈரமே அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். பெட்டியை விட்டு எடுக்காத ஷூவா இருந்தாலும் சரி, சில வருஷம் கழிச்சு நடுக்காட்டுல அடி கழண்டு வாயைப் பிளக்கும்! அதனால விலையைப் பார்க்கிறதுக்கு முன்னால, பெட்டியில தயாரிச்ச மாசம், வருஷத்தைப் பாருங்க.

தண்ணி புகாத ஷூவுக்கு விலை கூட. நம்ம ஊர் வெயிலுக்கு உள்ளே வேர்த்துக் கொட்டும். ஓடையில மேல்வழியா தண்ணி இறங்கிட்டா லேசுல காயாது. ஒருநாள் நடைக்கு, ரப்பர் அடி வெச்ச கேன்வாஸ் ஹன்டர் ஷூவே என் கணக்குல போதும். மிச்சக் காசுல நல்ல சாக்ஸ் ரெண்டு ஜோடி வாங்கிக்கலாம்.