ஒரு லட்சத்துக்கு எத்தனை பேர்?

(திருக்கோகர்ணத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்கு விளக்கேற்றி வரும் இச்சங்கத்தின் விழாவில் பேசும் வாய்ப்பைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். கணக்கு ஆசிரியனாகப் பணி தொடங்கியவன் நான். ஆகவே, ஒரு கணக்கைப் பற்றியே பேச விழைகிறேன்.

நம் மாவட்டத்தில் லெணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. பல ஆண்டுகளுக்கு முன்பு, முகாமிலிருந்து வந்து படித்த மாணவன் ஒருவன் வகுப்பில் எழுந்து, "சண்டையில்லாத ஊரிலயும் கொலை நடக்குதுதானே, சேர்? அப்ப அமைதியான ஊர் எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டான். அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இன்று அதனைத் திருத்திச் சொல்ல முயல்கிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. இலங்கையில் 1983 முதல் 2009 வரை நடந்த போரில் 80,000 முதல் 1,00,000 பேர் மாண்டதாகப் பொதுவாக மதிப்பிடுவர். ஆண்டுச் சராசரி 4,000ஐ எட்டாது. தொகையை மட்டும் நோக்கினால், அமைதி நிலவும் நாட்டிலேயே சாவு மிகுதி என்று தோன்றும். இது பிழையான ஒப்பீடு. மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால், இந்தியாவில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 2. போர்க்கால இலங்கையில் ஏறத்தாழ 20. பத்து மடங்கு வேறுபாடு! கடல் கடந்து அம்மக்கள் இங்கு வந்ததன் காரணம் இவ்விரு எண்களிலேயே அடங்கியிருக்கிறது.

ஆயினும் கணக்கு இத்துடன் முடியவில்லை. அந்த 20 என்பது தீவு முழுமைக்குமான சராசரி. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில், வன்னியில் ஏறத்தாழ மூன்று லட்சம் மக்கள் ஒரு குறுகிய கடற்கரை நிலத்தில் சிக்கினர். அவர்களுள் 40,000 பேர் வரை மாண்டிருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் நியமித்த குழு 2011இல் அறிக்கை தந்தது. அவ்வாறாயின், சில மாதங்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல்! தீவின் சராசரி அந்த மண்ணின் துயரை மறைத்துவிட்டது.

நம் நிலத்திலும் சராசரி இதையே செய்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. அன்றைய தமிழகத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ நான்கு கோடி. அதனால் வகுத்தால், லட்சத்துக்கு 0.1 பேர். கண்ணுக்கே தெரியாத பின்னம்! அச்சேரியில் ஐந்நூறு பேர் வாழ்ந்தனர் என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு ஒன்பது பேர். அது போர்க்களத்தின் விகிதமன்றோ? ஆனால் நாட்டில் அன்று போர் இல்லை.

சாவின் எண்ணிக்கையில் ஏறாத வன்முறையும் உண்டு. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். மாநிலப் புள்ளிவிவரத்தில் அது வெறும் ஆறு. அதே மதுரை மாவட்டத்தில், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தனித்தொகுதித் தலைவர் நிலையாகப் பதவியில் அமர முடியவில்லை. அச்சத்தை எந்த அட்டவணையில் எழுதுவது?

இந்தியாவும் போர்க்களமும் ஒன்றெனச் சொல்ல நான் வரவில்லை. வாக்குரிமையும், நீதிமன்றமும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நம் கையில் இருக்கின்றன. அவை சிறிய பேறுகள் அல்ல. நான் சொல்வது ஒன்றே: எந்தச் சராசரியைக் காட்டினாலும், "யாரால் வகுத்தீர்கள்? எந்தத் தெருவில் எண்ணினீர்கள்?" என்று கேட்க நம் பிள்ளைகள் கற்க வேண்டும். தொகுதி எண்ணை மட்டும் பார்ப்பவன் ஏமாறுவான். பகுதி எண்ணையும் பார்ப்பவனே உண்மையைக் காண்பான்.

அன்று அந்த மாணவனுக்குச் சொல்லத் தவறிய விடை இதுதான்: ஓர் ஊர் அமைதியானதா என்பதை அவ்வூரின் கடைசித் தெருவில் நின்று கணக்கிட வேண்டும். அக்கணக்கைப் போடவல்ல பிள்ளைகளை இச்சங்கம் மேன்மேலும் உருவாக்குக என வாழ்த்தி அமைகிறேன்.