ஆறாத புண்ணும் ஆறு ஸ்பூன் எண்ணெயும்

(ஏ.எஸ்.ராவ் நகரில் நடந்த அங்கத்தினர்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் அகங்களில் யாருக்காவது ஆபரேஷன் ஆனால் முதலில் நிறுத்தப்படுவது எண்ணெயும் நெய்யும்தான். என் அத்திம்பேர் விஷயத்தில் நாங்களும் அதையே செய்தோம். அவருக்கு அப்போது 74 வயது. சர்க்கரை வியாதியும் உண்டு. பைபாஸ் ஆபரேஷனுக்காகக் காலில் ரத்தக்குழாய் எடுத்த இடத்தில் புண் ஐந்து வாரமாகியும் மூடவில்லை. அக்காவோ, "கொழுப்பினால்தானே இந்தக் கதி" என்று தாளிப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். தெளிவு ரஸம், நீர்மோர், இரண்டு இட்லி, இவ்வளவுதான் ஆகாரம். மனிதர் பாதியாக இளைத்துப்போனார்.

மறுபரிசோதனைக்குப் போனபோது உணவு ஆலோசகர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "கொத்தனாரை வரச்சொல்லிவிட்டு செங்கல்லும் சிமெண்டும் வாங்கித்தராமல் இருக்கிறீர்களே!" என்றார். அந்த வார்த்தைதான் என்னை இதைப் பற்றிப் படிக்க வைத்தது.

புண் ஆறுவதென்றால் புதிதாக லட்சக்கணக்கான செல்கள் உண்டாக வேண்டும். ஒவ்வொரு செல்லின் மேலுறையும் கொழுப்பால் ஆனது. அதில் லினோலெயிக் அமிலம் போன்ற சிலவற்றை நம் உடம்பு தானே தயாரிக்க முடியாது, ஆகாரத்தில்தான் வரவேண்டும். 1929ல் அமெரிக்காவில் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத ஆகாரம் கொடுத்து, அவற்றின் தோல் செதில் செதிலாகிப் போனதைக் கண்டு இதை நிரூபித்தார்கள். பிற்பாடு, கொழுப்பு சேராத திரவத்தை மட்டும் ரத்தக்குழாய் வழியாகப் பல நாட்கள் பெற்ற நோயாளிகளிடமும் தோல் உரிவதையும் புண் ஆறாததையும் மருத்துவர்கள் பார்த்தார்கள்.

இதில் நமக்கு மிக அருகிலேயே ஒரு சரித்திரம் உண்டு. தார்னாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிலையம் 1918ல் குன்னூரில் தொடங்கி, 1958ல் ஹைதராபாத் வந்தது. நம்மில் பலரைப் போல அதுவும் தமிழ்நாட்டிலிருந்து இங்கே குடியேறியதுதான்! சேலத்தில் பிறந்த டாக்டர் சி.கோபாலன் அதன் இயக்குநராக இருந்தார். ஏழைக் குழந்தைகளின் முழங்கை, முழங்காலில் தவளைத் தோல்போல் சொரசொரப்பாக வரும் 'ஃப்ரைனோடெர்மா' என்ற வியாதியை வைட்டமின் ஏ குறைவென்றே முதலில் நினைத்தார்கள். அத்தியாவசியக் கொழுப்பமிலங்களும் பி வைட்டமின்களும் குறைவதற்கு இதில் பங்குண்டு என்று இந்த நிலையத்தின் ஆராய்ச்சிகள் காட்டின. தெலங்கானாவில் குசுமா என்று சொல்லும் குசும்பா எண்ணெயை மருந்துபோலக் கொடுத்துப் பார்த்தார்கள்.

இன்னொரு விஷயம். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. வயதானவர்கள் சாப்பிடுவதே கொஞ்சம். அதில் எண்ணெயையும் எடுத்துவிட்டால் கலோரி போதாமல், பருப்பிலும் பாலிலும் கிடைக்கும் புரதத்தை உடம்பு அடுப்பெரிக்கவே செலவழித்துவிடும். தோலைக் கட்டுவதற்கு என்ன மிஞ்சும்? வைட்டமின் ஏ, ஈ, கே ஆகியவை உடம்பில் சேரவும் சிறிது கொழுப்பு வேண்டும்.

அதற்காக வடையும் அப்பளமும் பொரித்துத் தள்ளுங்கள் என்று சொல்லவில்லை! இதே நிலையம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி சாப்பிடுபவருக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு என்று இருக்கிறது. சுமார் ஆறு டீஸ்பூன். நல்லெண்ணெயில் லினோலெயிக் அமிலம் ஏறக்குறைய 40 சதவிகிதம். தேங்காய் எண்ணெயிலும் நெய்யிலும் சுமார் 2 சதவிகிதம்தான். ஆகவே நெய் வாசனைக்கு, எண்ணெய் வேலைக்கு. ஒமேகா 3க்கு நாம் ஆளிவிதைப் பொடி சேர்த்துக்கொள்ளலாம். மீன் எண்ணெய் மாத்திரை புண்ணைச் சீக்கிரம் ஆற்றும் என்று நம்பிவிட வேண்டாம். ஆராய்ச்சி முடிவுகள் இருவிதமாகவும் இருக்கின்றன. டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவேண்டாம். திறந்த புண்ணின்மேல் சமையலறை எண்ணெயைத் தடவுவதும் கூடாது.

நம் பாட்டிமார்களின் பிரசவப் பத்தியத்தை நினைத்துப் பாருங்கள். காரம், புளி குறையும். ஆனால் அங்காயப்பொடி சாதத்துக்கு நெய்யும், லேகியத்துக்கு நல்லெண்ணெயும் உண்டு. பத்தியம் என்றால் பட்டினி இல்லை.

அத்திம்பேருக்கு சர்க்கரை கட்டுக்குள் வந்தது. பருப்பு, தயிர், பனீரோடு தினம் நாலைந்து ஸ்பூன் எண்ணெயும் திரும்ப வந்தது. ஏழாவது வாரம் புண் மூடியது. எண்ணெய்தான் ஆற்றியது என்று நான் சொல்லமாட்டேன், எல்லாம் சேர்ந்துதான். ஆனால் "பயத்தினால் நானே பட்டினி போட்டுவிட்டேனே" என்று அக்கா அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வருத்தம் நம்மில் இன்னொருவருக்கு வரவேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் புறப்படும்போது மருந்துச் சீட்டோடு, "என்ன சாப்பிடலாம், எவ்வளவு?" என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.