பைராட்ஸ் 3ன்னா ஸ்டேஜ் 3 இல்லை

இன்னைக்கு எபிசோட் மார்பக வலி, மார்பகக் கட்டி, அது ரெண்டும் கொண்டு வர்ற பயம் பற்றி.

நான் டாக்டர் இல்லை, கோடு எழுதுறவ. ஆனா எனக்கும் ஒரு கட்டி இருக்கு, அதனால இந்தப் பயம் பழக்கம்.

முதல்ல வலி. பீரியட்ஸுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் கனத்து வலிக்கிறது ஹார்மோன் வேலை. பீரியட்ஸ் வந்ததும் பெரும்பாலும் குறைஞ்சிடும். கட்டி எதுவும் இல்லாம வலி மட்டும் இருந்தா, அது புற்றுநோயா இருக்கிறது அபூர்வம். எந்தத் தேதியில வலிக்குதுன்னு ரெண்டு மாசம் போன்ல குறிச்சு வைங்க. டாக்டர்கிட்ட காட்ட அதைவிட நல்ல லாக் கிடையாது. சரியான அளவு பிரா போட்டாலே பலருக்கு வலி குறையும்.

அடுத்து கட்டி. இருபதுகள்ல அதிகமா வர்றது ஃபைப்ரோஅடினோமா. ரப்பர் மாதிரி இருக்கும், தொட்டா நழுவும். புற்றுநோய் இல்லை. ஆனா "நழுவுதே, அப்போ பரவாயில்லை"ன்னு நாமளே தீர்ப்பு எழுதக் கூடாது. புதுசா எந்தக் கட்டி வந்தாலும் டாக்டர்கிட்ட காட்டணும். அவங்க தொட்டுப் பார்ப்பாங்க, ஸ்கேன் எடுப்பாங்க, தேவைப்பட்டா ஊசி போட்டு திசு எடுத்து சோதிப்பாங்க. 30 வயசுக்குள்ள பொதுவா அல்ட்ராசவுண்ட்தான் முதல்ல. இளவயசுல மார்பகத் திசு அடர்த்தியா இருக்கிறதால மேமோகிராம்ல தெளிவா தெரியாது.

என் ரிப்போர்ட்ல "பைராட்ஸ் 3"ன்னு இருந்தது. அம்மா முகம் வெளுத்துப்போய், "ஸ்டேஜ் மூணா?"ன்னு கேட்டாங்க. இல்லை. அது ஸ்கேன் படத்துக்கு ரேடியாலஜிஸ்ட் கொடுக்கிற வகை எண். 0ன்னா இன்னும் படம் தேவை. 1, 2ன்னா பயமில்லை. 3ன்னா கிட்டத்தட்ட நிச்சயமா சாதாரணக் கட்டி. புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல இல்லை. 4, 5ன்னாதான் பொதுவா பயாப்ஸி. 6ங்கிறது பயாப்ஸியில ஏற்கெனவே புற்றுநோய்னு உறுதியானவங்களுக்கு.

இதைச் சொன்னதும் அம்மா மூச்சு விட்டாங்க. அடுத்த நிமிஷமே, "வெளிய சொல்லாதடி, வரன் பார்க்குற நேரம்"னாங்க. கட்டியை விட அந்த வார்த்தைதான் எனக்கு வலிச்சது. பல பொண்ணுங்க டாக்டர்கிட்ட போகாம தள்ளிப் போடுறதுக்குப் பின்னாடி இந்த மாதிரி ஒரு வார்த்தை இருக்கும்.

டாக்டர் ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அது அலட்சியம் இல்லை. கட்டி மாறுதான்னு பார்க்க காலம் வேணும், காத்திருக்கிறதும் பரிசோதனைதான்.

அந்த ஆறு மாசத்தை எப்படிக் கடக்கிறது? நான் மூணு விஷயம் செஞ்சேன். ஒண்ணு, ஸ்கேன் தேதியை காலண்டர்ல போட்டேன். ரெண்டு, மாசம் ஒரு தடவை, பீரியட்ஸ் முடிஞ்ச சில நாள்ல மட்டும் தொட்டுப் பார்த்தேன். தினமும் பத்து தடவை அமுக்கினா அமுக்கினதாலேயே வலிக்கும், அந்த வலி புதுப் பயத்தைக் கிளப்பும். மூணு, ராத்திரி வர்ற கேள்வியை கூகுள்ல போடாம, டாக்டர்கிட்ட கேட்க நோட்ல எழுதினேன். கூடவே ஒரு தோழிகிட்ட எல்லாத்தையும் சொல்லி வெச்சேன்.

கட்டி வளர்ந்தாலோ, தோல் குழிஞ்சாலோ சிவந்தாலோ, காம்பு புதுசா உள்ள இழுத்தாலோ, ரத்தம் கசிஞ்சாலோ, அக்குள்ல கட்டி தெரிஞ்சாலோ தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே போங்க.

என் ஆறு மாச ஸ்கேன்ல கட்டி அதே அளவுதான். இன்னும் கூடவே இருக்கு, நானும் வேலையைப் பார்த்துட்டு இருக்கேன். இதைக் கேட்க வேண்டிய ஒருத்தர் உங்க ஞாபகத்துக்கு வந்தா, அவங்களுக்கு அனுப்புங்க. துணைக்கு ஆள் வேணும்னா ஸ்கேனுக்குக் கூடவே போங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்!