பேட்டரி தீர்ந்தா பெட்டி கெட்டதுன்னு அர்த்தமில்லை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கணக்குக் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னிக்கு நாங்க சேமிப்பு பத்தியோ வசூல் பத்தியோ பேச வரலை. அந்த ரெண்டும் எதுக்குள்ள இருக்கோ, அந்தக் கம்ப்யூட்டர் பத்திப் பேச வந்திருக்கோம். நம்ம அலுவலகப் பெட்டிக்குள்ளே எல்லாக் குழுக்களின் கடன் பேரேடும் இருக்கு. உறுப்பினர்களின் ஆதார் நகலும், பாஸ்புக் முதல் பக்கமும்கூட அதில்தான் இருக்கு. போன மாசம் ஒரு திங்கட்கிழமை அது எழும்பலை. கருப்புத் திரையில் ‘துவங்கும் டிஸ்க் இல்லை’ங்கிற மாதிரி ஒரு ஆங்கில வரி மட்டும் நின்னுது. பார்க்க வந்த மெக்கானிக், மதர்போர்டு போச்சு, ஆறாயிரத்து ஐநூறு ஆகும்னார். டிஸ்க்கையும் கடைக்குக் கொண்டு போய் ஃபார்மேட் பண்ணணும்னு சொன்னார். ஃபார்மேட்டுன்னா என்ன? பேரேட்டை மொத்தமா அழிக்கிறது! நாங்க டிஸ்க்கைக் கொடுக்கலை. ஐ.டி.ஐ.யில் ஹார்டுவேர் படிச்ச நம்ம உறுப்பினர் ஒருத்தரோட பொண்ணு வந்து பார்த்தது. தீர்ந்து போன நாற்பது ரூபாய் பேட்டரிதான் காரணம். அதோட, மாறிப் போயிருந்த ஒரே ஒரு அமைப்பையும் சரி பண்ணுச்சு. பெட்டி எழுந்துடுச்சு.

இது எப்படி நடக்குதுன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கணும். பெட்டிக்கு கரண்ட் வந்ததும் முதலில் வேலை செய்யறது விண்டோஸ் இல்லீங்க. மதர்போர்டில் ஒரு சின்ன சிப்பில் இருக்கிற பயாஸ் என்கிற நிரல்தான். இப்போ வர்ற கம்ப்யூட்டர்களில் இதன் புது வடிவத்துக்கு யு.இ.எஃப்.ஐ. என்று பேர். ஆனால் கடைக்காரங்க வாயில் எல்லாமே பயாஸ்தான். கூட்டம் தொடங்கும் முன்னே ஊக்குநர் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி, ராம் இருக்கா, கீபோர்டு இருக்கா, டிஸ்க் இருக்கான்னு அது பார்க்கும். பிறகு, எந்த டிஸ்க்கிலிருந்து துவங்கணும்னு எழுதி வச்சிருக்கிற வரிசைப்படி வேலையை விண்டோஸ் கையில் ஒப்படைக்கும்.

அந்த வரிசையும், தேதி நேரமும் மறக்காம இருக்கத்தான் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி. 1981-இல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டரில் இது கிடையாது. ஒவ்வொரு தடவை போடும்போதும் தேதியைக் கேட்கும். 1984-இல் வந்த அடுத்த மாதிரியில்தான் பேட்டரி வச்ச கடிகாரம் வந்தது. பேட்டரி மேல சி.ஆர்.2032 என்று இருக்கும். 20 என்றால் குறுக்களவு 20 மில்லிமீட்டர், 32 என்றால் கனம் 3.2 மில்லிமீட்டர். மூணு வோல்ட். பொதுவா மூணுலேர்ந்து அஞ்சு வருஷம் வரும், சிலது அதையும் தாண்டி உழைக்கும்.

‘வெள்ளிக்கிழமை நல்லா ஓடுச்சே, திங்கட்கிழமை எப்படிக் கெட்டுச்சு?’ன்னு எல்லாரும் கேட்டீங்க. சுவத்து சுவிட்ச் போட்டிருக்கிற வரைக்கும், கம்ப்யூட்டரை நிறுத்தி வச்சிருந்தாலும் மதர்போர்டுக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கிட்டே இருக்கும். அப்போ பேட்டரி செத்திருந்தாலும் வெளியே தெரியாது. நாம சனி, ஞாயிறு சுவிட்சை அணைச்சுட்டுப் போறோம். அது நல்ல பழக்கம், விட்டுடாதீங்க. ஆனா அந்த ரெண்டு நாளும் பேட்டரிதான் தாங்கணும். தாங்க முடியலைன்னா எல்லா அமைப்பும் கம்பெனி வச்ச நிலைக்குத் திரும்பிடும். நம்மது பழைய டிஸ்க், லெகசி முறையில் விண்டோஸ் போட்டது. அமைப்பு யு.இ.எஃப்.ஐ. முறைக்குத் தாவினதும் டிஸ்க்கைத் துவக்கத் தெரியாம நின்னுடுச்சு. அமைப்புப் பக்கத்தில் டிஸ்க்கோட பேர் தெரியுதா என்று அந்தப் பொண்ணு முதலில் பார்த்தது. பேர் தெரிஞ்சது. பேர் தெரிஞ்சா டிஸ்க் உயிரோட இருக்குன்னு பெரும்பாலும் நம்பலாம். நமக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

பேட்டரி சாகப் போகுதுன்னா முன்னாடியே சாடை காட்டும். ஒரு தங்கச்சிக்குக் கொடுத்த ரசீதில் தேதி 01.01.2012 என்று அச்சாச்சு. ‘நான் அப்போ குழுவிலேயே சேரலையேக்கா’ன்னு சிரிச்சது. சிரிக்கிற விஷயம் இல்லை அது. இன்றைய தேதியை எடுத்து வட்டி போடுற கணக்குத்தாள் அத்தனையும் தப்பாப் போயிடும். பேங்க் தளமும் ‘பாதுகாப்பில்லை’ன்னு சொல்லித் திறக்காது. தளத்தோட சான்றிதழுக்கு ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி உண்டு. நம்ம கம்ப்யூட்டர் 2012-இல் இருந்தா அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லைன்னு அது நினைச்சுக்கும். தேதி ஒரு தடவை பின்னாடி போனாலே கணக்குக் குழுவுக்குச் சொல்லிடுங்க.

மாத்தறது கஷ்டமே இல்லை. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, ஊசி மாத்துறவங்க நாம. இதுக்குத் திருப்புளி பிடிக்க ஆம்பளை வரணும்னு யாராவது சொன்னா கண்டுக்காதீங்க. ஆனா சில கட்டுப்பாடு இருக்கு. வயரைச் சுவத்திலிருந்து பிடுங்கணும், சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச கரண்டை வடிய விடணும். வளையல், மோதிரத்தைக் கழட்டிட்டு, தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள்ளே விட்டு, முந்தானையைச் செருகிக்கணும். பெட்டியோட இரும்புப் பாகத்தை ஒரு தடவை தொட்ட பிறகுதான் உள்ளே கை வைக்கணும்; உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் சிப்புகளைக் கெடுத்துடும். பேட்டரி பக்கத்தில் இருக்கிற கொக்கியை மெல்லத் தள்ளினா அது எகிறி வரும். புதுசைப் போடும்போது கூட்டல் குறி மேலே.

பழைய பேட்டரியைக் குழந்தைங்க கையில் எட்ட விடவே கூடாது. முழுங்கிட்டா உணவுக்குழாயை ரெண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிடும். நம்ம அலுவலகத்தில் எப்பவும் ரெண்டு மூணு குழந்தை தவழுது. டேப் சுத்தி உடனே மேலே எடுத்து வைங்க. முழுங்கிட்டதா சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, காத்திருக்காதீங்க.

திறந்தது திறந்தாச்சு, தூசியையும் தட்டிடலாம். பெயின்ட் அடிக்கிற ஒரு இஞ்சு பிரஷ் புதுசா ஒண்ணு வாங்கினா போதும். ஊதும்போது ஃபேன் சுத்தாம விரலால் பிடிச்சுக்கணும். ஈரத்துணி வேண்டாம். பீப் பீப் என்று கத்திக்கிட்டுத் திரை வராம இருந்தா ராமைக் கழட்டி, தங்க நிறப் பட்டையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைச்சு, வெட்டு பார்த்து, ரெண்டு பக்கமும் ‘டிக்’னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துங்க. பல நேரம் அதுலேயே சரியாயிடும். கரண்ட் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. வயரைப் பிடுங்கின பிறகும் அதுக்குள்ளே ஷாக் அடிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

அமைப்புப் பக்கத்துக்குள்ளே போக, பெட்டியைப் போட்டதும் டெல் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டிக்கிட்டே இருக்கணும். எச்.பி.யில் பெரும்பாலும் எஃப்10, லெனோவோவில் எஃப்1. உள்ளே போனதும் முதல் வேலை, ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் போட்டோ எடுக்கறது. எதையும் மாத்தும் முன்னாடி எடுக்கணும். போன மாசம் அப்படி ஒரு போட்டோ இருந்திருந்தா கால் மணி நேரத்தில் முடிஞ்சிருக்கும். தெரியாம ஏதாவது தட்டிட்டா, சேமிக்காம வெளியே வந்துடுங்க, ஒண்ணும் ஆகாது. முக்கியமா லெகசி, யு.இ.எஃப்.ஐ. முறையையும் டிஸ்க் பேசுற முறையையும் சும்மா மாத்தாதீங்க.

ஒண்ணை மட்டும் மாத்திடலாம்னு எங்க கருத்து. கரண்ட் போய்த் திரும்பினா பெட்டி தானா எழும்பணுமா வேண்டாமான்னு ஒரு அமைப்பு இருக்கு. அதை ‘வேண்டாம்’ என்று வைங்க. மின்வெட்டு முடிஞ்சு வர்ற முதல் நிமிஷத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும். அந்த நேரத்தில் ஆளில்லாத அறையில் பெட்டி எழும்பறது நல்லதில்லை. பென் டிரைவைச் சொருகியபடியே போடறதும் வேண்டாம். துவங்கும் வரிசையில் அது முன்னாடி இருந்தா, அதில் விண்டோஸைத் தேடிட்டு நிக்கும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிஞ்சுது. அதைக் காட்டிப் பெட்டியையே மாத்தணும்னு விக்கிறவங்க சொல்றாங்க. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேணும். நிறையப் பெட்டிகளில் அது இருந்தும் பயாஸில் அணைச்சு வச்சிருப்பாங்க. இன்டெல்லில் பி.டி.டி., ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். என்று பேர். வாங்கும் முன்னே அதைப் பாருங்க. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏத்துக்கும். நம்ம அலுவலகப் பெட்டி அதுக்கும் பழசு. அதனால் புதுசுக்குக் காசு சேர்க்கிற தீர்மானத்தை நாங்களும் ஆதரிக்கிறோம். ஆனா மதர்போர்டு போச்சுன்னு பயந்து வாங்கறது வேற, கணக்குப் போட்டு வாங்கறது வேற.

பெட்டி ரிப்பேருக்குப் போகணும்னு வந்தா, டிஸ்க்கைக் கழட்டி நம்ம பீரோவில் வச்சுட்டுத்தான் அனுப்பணும். ரெண்டு திருகு, ரெண்டு வயர், அவ்வளவுதான். டிஸ்க்கிலேயே கோளாறுன்னா நம்மில் ஒருத்தர் கூடப் போய் உட்காரணும். பயாஸ் பாஸ்வேர்டு போட்டிருக்கோமேன்னு நம்பிடாதீங்க. டிஸ்க்கைக் கழட்டி வேற பெட்டியில் மாட்டினா அந்தப் பாஸ்வேர்டு காக்காது. வாரம் ஒரு தடவை பேரேட்டின் நகலைத் தனி டிஸ்க்கில் எடுத்து, அலுவலகத்துக்கு வெளியே, பொருளாளர் வீட்டில் வைக்கணும். அதுக்கான தீர்மானம் இன்னிக்கே எழுதணும்னு கேட்டுக்கறோம்.

வெளி மேசையில் பெட்டியைத் திறந்து வச்சிருக்கோம், வயர் பிடுங்கியாச்சு. குழுவுக்கு ஒருத்தரா வந்து பேட்டரியைக் கழட்டி மாட்டிப் பாருங்க.