இடுப்பு வலியா? விவரமாகச் சொல்லுங்கள்

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்த மறுநாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போகிறவர்கள் உண்டு. "இடுப்பு வலிக்குது" என்பதோடு நிறுத்தாதீர்கள். என்றைக்குத் தொடங்கியது, காலுக்கு இறங்குகிறதா, கால் மரத்துப்போகிறதா, எல்லாம் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் வெறும் இடுப்பு வலிக்குக் குறியீடு எம்54.5, காலுக்கும் இறங்கினால் எம்54.4. நீங்கள் சொல்வதை வைத்து டாக்டர் எழுதும் பதிவுதான் அடுத்து பார்க்கும் டாக்டருக்கு வழிகாட்டி. பெரும்பாலான இடுப்பு வலி சில வாரங்களில் தானே தணியும். எடுத்த எடுப்பில் ஸ்கேன் தேவைப்படாது. ஆனால் வலியோடு காய்ச்சல் வந்தாலோ, கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். பழைய சீட்டையும் மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.