கைத்தொலைபேசியும் கணினியும்



கைத்தொலைபேசியும் டெப் கணினியும் பெருகிவிட்ட இந்நாளில் மேசைக் கணினிக்கு இனி வேலையுண்டா என்பதே நாம் ஆராயப் புகும் பொருள். "இல்லை" என்பார் வாலிபருட் பலர். பெரியோருள்ளும் கணினியின் விலையை எண்ணி, "கையிலுள்ளது போதாதா?" என்று கேட்பார் உளர். இரு சாரார் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு.

2010இல் ஐபேட் வெளிவந்தபோது அப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் கணினியை லொறிக்கும் புதிய கருவிகளைக் காருக்கும் ஒப்பிட்டார். லொறி ஒழியாது, ஆனால் அதனை வேண்டுவோர் தொகை குறையும் என்பது அவர் கருத்து. 2016 ஒக்டோபரில், உலக இணையப் பாவனையில் கைத்தொலைபேசியும் டெப்பும் சேர்ந்து கணினியை முதன்முறையாக முந்தின என ஸ்டாட்கவுன்டர் நிறுவனம் கணக்கிட்டது. 2020 மார்ச்சில் கொவிட் நோயால் நம் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப் வழியே வந்தன. அக்காலத்தில் இலங்கையில் ஏறத்தாழ ஐந்து வீடுகளுள் ஒன்றிலேயே கணினி இருந்தது. கைத்தொலைபேசி இல்லையேல் பல பிள்ளைகளுக்கு அன்று கல்வியே இல்லை. இதனை மறுப்பது நன்றியன்று.

ஆயினும் பாடத்தைப் பெறுவதோடு கல்வி முடிந்துவிடுமா? இவ்வொலுவிற் கரையையே பாருங்கள். சிறு தோணியைக் கரையிலிருந்து தள்ளிக் கடலில் விடலாம். பலநாட் படகுக்கோ துறைமுகம் வேண்டும். 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயிலைப் பின்னர் மணல் அடைத்தபோது இடருற்றோர் ஆழ்கடற் படகுக்காரரே. "தோணிகள் தாம் நிறைய உள்ளனவே, துறைமுகம் எதற்கு?" என்று அவர்களிடம் கேட்க எவரும் துணியார்.

துறைமுகத்துக்கு அயலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பொறியியல் பயிலும் மாணவன் பாலத்தின் வரைபடத்தை ஆறங்குலத் திரையில் விரலால் வரைந்து முடிப்பானா? நூறு பக்க ஆய்வேட்டைப் பெருவிரலால் எழுதி முடிப்பது எளிதா? கைத்தொலைபேசியில் ஓடும் செயலிகளும் பெரும்பாலும் கணினியிலேயே எழுதப்படுகின்றன. 2015இல் ஐபேட் புரோ வந்தபோது அதற்கென ஒரு விசைப்பலகையும் உடன் வந்தது. வேலை என்று வந்தவுடன் டெப்பே கணினியின் உருவை நாடிற்று.

தமிழ்நாட்டின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. அவ்வரசு 2011 முதல் மாணவர்க்கு இலவச மடிக்கணினி வழங்கிற்று. 2025 வரவுசெலவுத் திட்டத்தில், 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்கு டெப் அல்லது மடிக்கணினி தரப்படும் என்று அறிவித்தது. ஈற்றில் கொள்முதல் செய்தது மடிக்கணினியையே.

நாம் அஞ்சுவது ஒன்றுண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையிடம் இரண்டும் இருக்கும். வறிய வீட்டுப் பிள்ளையிடம் கைத்தொலைபேசி மாத்திரமே இருக்கும். "கணினியின் காலம் போய்விட்டது" என்ற பேச்சை நம்பி அவன் இருந்துவிட்டால், பிறர் ஆக்கியதைப் பார்த்துக்கொண்டிருப்பவனாகவே வளர்வான். உத்தியோகம் தேடிப்போன இடத்திலேதான் விசைப்பலகையை முதன்முதல் தொடுவான். அந்தப் பேச்சால் நட்டமடைபவன் அவனே.

ஆகையால் நமது சங்க வாசிகசாலையில் நான்கு கணினிகளேனும் வைத்தல் வேண்டும். அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய கணினிகளும், செலவின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை இட்டால், இன்னும் சில காலம் உழைக்கும். பெண்பிள்ளைகள் வந்து பயிலத்தக்க நேரத்தை ஒதுக்குதல் அவசியம். அயலூர் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருக்கட்டும். அவர்க்கும் நமக்கும் மொழி ஒன்று, எழுதும் பரீட்சையும் ஒன்று.

பெரியோர்களே, இயன்ற பொருளுதவி செய்யுங்கள். வாலிபர்களே, வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதைத் தாருங்கள். இளையோர்க்குத் தமிழ்த் தட்டச்சும் அட்டவணைக் கணக்கும் பழக்குங்கள். அடுத்த ஆண்டு மலரின் பக்கங்களை இவ்வூர்ப் பிள்ளைகளே கணினியில் அமைத்து அச்சகத்துக்கு அனுப்புவார்களாயின், இன்று நாம் பேசியது வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.