ஏரி வெட்டியாயிற்று, வாரியம் எங்கே?



உத்திரமேரூர்க் கல்வெட்டைத் தொடாமல் இந்தப் பக்கம் மேடை இறங்கியவர் இல்லை. பராந்தக சோழன், குடத்தில் ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த முறை எல்லாம் வாலாஜாபாத் பள்ளிப் பிள்ளைக்கே மனப்பாடம். ஓலையில் பெயர் வந்தவருக்கு என்ன வேலை என்பதுதான் பேச்சில் விட்டுப்போகும். அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்ற குழுவுக்கு ஆறு பேர். ஏரியை வெட்டியவர் யாரோ. ஆண்டு முழுக்க அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவர்களுக்கு.

புற்றுநோய் சிகிச்சையில் தமிழ்நாடு ஏரி வெட்டிவிட்டது. அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் 12 படுக்கையோடு தொடங்கிய நிலையம் இன்று நாடறிந்தது. காஞ்சியில் பிறந்த முதலமைச்சர் அண்ணா, உணவுக்குழாய்ப் புற்றுக்கு 1968-இல் நியூயார்க் வரை போனார். 1969 பிப்ரவரி 3-இல் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய புற்றுநோய் மருத்துவமனை காரப்பேட்டையில் நிற்கிறது. முதலமைச்சர் கடல் கடந்து தேடிய வைத்தியத்துக்கு இன்று நெசவாளி பஸ் ஏறிப் போகிறார்.

போனவர் பிழைத்து வந்துவிட்டார். அப்புறம்?

அய்யம்பேட்டைப் பக்கம் தறிக்காரம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்பகப் புற்று. ஆபரேஷன், கீமோ, கரண்ட் எல்லாம் முடிந்தது. கதிர் சிகிச்சைக்கு ஊரில் பெயர் கரண்ட்தானே! அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த கை, நாடா எறியும் கை. அது மெல்ல வீங்குகிறது. வேலை அதிகம் என்று தைலம் தேய்க்கிறார். ஒரு சின்னக் கீறல் பட்டுச் சிவந்து, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும். தினமும் போடும் டமாக்சிபென் மாத்திரையை ஐந்து வருஷம், சிலர் பத்து வருஷம் விடக்கூடாது. தீட்டு நின்ற பிறகு மறுபடி உதிரம் பட்டால் வெட்கப்பட்டு மறைக்கவும் கூடாது. சில கீமோ மருந்துகள் இதயத்தைத் தளர்த்தும். மாடிப்படியில் மூச்சு வாங்கினால் அதை வயசின் கணக்கில் எழுதிவிட முடியாது.

கழுத்தில் கரண்ட் வைத்தவருக்கு தைராய்டு குறையலாம், பல் சொத்தையாகலாம். இவை எதற்கும் சென்னை வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் கண்டுபிடிக்கும், என்ன சிகிச்சை நடந்தது என்று அதற்குத் தெரிந்தால்.

தெரிவதில்லை. ஃபைல் பரண்மேல் மஞ்சப்பையில் கிடக்கிறது. இங்கே இருமலுக்கு மருந்து எழுதுபவர் அதைப் பார்த்ததே இல்லை. பணக்கார நாட்டுக்கும் இதே கோளாறுதான். 2005-இல் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று, சிகிச்சை முடிந்தவர் நடுவழியில் தொலைந்துபோகிறார் என்று தடித்த அறிக்கையே எழுதியது. அது கேட்டது பெரிய இயந்திரம் அல்ல: நடந்த சிகிச்சையின் சுருக்கம், இனி எதை யார் கவனிப்பது என்ற திட்டம், இரண்டும் எழுத்தில்.

இந்த வாரியத்துக்கு ஆளும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை கொண்டுவந்து தரும் பெண், “கை வீங்குதா அக்கா? அந்த மாத்திரையை விடாம போடுறீங்களா?” என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? பதில் சரியில்லை என்றால் நர்ஸம்மாவுக்கு ஒரு போன். எல்லா வலியும் நோய் திரும்பியதாக இருக்காது. அதைச் சொல்லித் தேற்றவும் ஒருவர் வேண்டுமே.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் வைத்தியம் முடித்தவர்களும் இருப்பார்கள். அடுத்த முறை சளிக்குப் போனாலும், பரணிலிருக்கும் மஞ்சப்பையை இறக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.